நாலாம் வகுப்புக்கு பட்டாம்பூச்சி வளர்றத நேர்ல காட்டணும், எந்தப் புழு சரிப்படும்?

நாலாங்கிளாஸ்_மிஸ்

எல்லாருக்கும் வணக்கம். ஒரு ஊராட்சி ஒன்றிய தொடக்கப் பள்ளியில நாலையும் அஞ்சையும் சேர்த்து ஒரே ரூம்ல வச்சு எடுக்குறேன். முட்டை, லார்வா (புழு), பியூபா (கூட்டுப்புழு), பட்டாம்பூச்சினு அம்புக்குறி போட்டு வட்டமா வரையச் சொன்னா பசங்க கண்ண மூடிக்கிட்டு வரைவாங்க, மார்க்கும் முழுசா வாங்கிடுவாங்க. ஆனா போன வாரம் ஒரு பொண்ணு எந்திரிச்சு "மிஸ், புழு செத்த பிறகுதானே பட்டாம்பூச்சி வருது?"னு கேட்டா, பாதி கிளாஸ் ஆமாம்னு தலையாட்டுது. கூட்டுப்புழுவ அதுங்க சமாதின்னு நினைச்சிட்டு இருக்குதுங்க!

படம், வீடியோ எல்லாம் காட்டியாச்சு. நேர்லயே காட்டிடலாம்னு பாக்குறேன். எந்தப் புழு ஈஸியா கிடைக்கும், சனி ஞாயிறு லீவுல தீனிக்கு என்ன பண்றது? புழுன்னாலே உடம்பெல்லாம் அரிக்கும்னு பேரண்ட்ஸ் சண்டைக்கு வந்துடுவாங்க, அதுவும் பயமா இருக்கு.

கொழுந்திலை

மிஸ், ஸ்கூல்ல கறிவேப்பிலை மரமோ எலுமிச்சைச் செடியோ இருக்கா? இருந்தா வேற எங்கயும் போக வேணாம். கொழுந்து இலையா பாத்து கடுகை விடச் சின்னதா, மஞ்சளா ஒவ்வொரு முட்டையா ஒட்டிட்டிருக்கும். எலுமிச்சைப் பட்டாம்பூச்சி (ஆரஞ்சு சிவப்புப் புள்ளி வச்ச கறுப்பு மஞ்சள் கலர்) அந்த ரெண்டு செடியிலயும் முட்டை போடும். புழு சின்னதா இருக்குறப்ப அசல் காக்கா எச்சம் மாதிரியே கிடக்கும், பசங்கள தேட விடுங்க, கண்டுபிடிக்கிறதே பெரிய விளையாட்டாயிடும். நாலு தடவ தோல் உரிச்சு கடைசியில பச்சை ஆயிடும். அதைச் சீண்டினா தலைக்குப் பின்னாடி இருந்து ஆரஞ்சு கலர்ல ரெட்டைக் கொம்பு நீட்டும், ஒரு புளிச்ச வாடை வரும் பாருங்க, அதுதான் அதோட தற்காப்பு. முடியே கிடையாது, அரிக்காது, பேரண்ட்ஸ் கிட்ட அதையே சொல்லுங்க. முருங்கை மரத்துல கொத்துக் கொத்தா அப்பிட்டு இருக்குமே கம்பளிப்பூச்சி, அது வேற ஜாதி, அதுகிட்ட பசங்கள விடவே கூடாது.

டப்பாவே வேணாம்னுதான் சொல்வேன். பழைய கொசுவலைய பை மாதிரி தைச்சு, புழு இருக்குற கிளைய உள்ள விட்டு ரெண்டு பக்கமும் கட்டிடுங்க. தீனி மரத்துலயே இருக்கு, லீவு பிரச்சனை அங்கயே முடிஞ்சுது. கட்டுறதுக்கு முன்னாடி கிளைய நல்லா பாத்து எறும்பு சிலந்தி எல்லாத்தயும் எடுத்துடணும். இல்ல டப்பாவுலதான் வளப்பேன்னா சந்தைல வாங்குன கறிவேப்பிலைய மட்டும் போட்டுடாதீங்க, மருந்து அடிச்சிருந்தா மொத்தமும் காலி.

அந்தப் பொண்ணு கேட்ட கேள்விக்கு நீங்க வாயத் திறக்கவே வேணாம். இடுப்புல ஒரு நூலக் கட்டிக்கிட்டு கூட்டுப்புழு சாய்ஞ்சு நிக்கும், அதை லேசா தொட்டா அடிப்பக்கம் நெளியும். ஒரே ஒரு தடவ தொட விடுங்க, செத்ததா இல்லியான்னு அவளே சொல்லுவா. வெளிய வர்றதுக்கு முந்தின நாள் தோல் கறுத்து உள்ள இருக்குற ரெக்கை டிசைன் வெளியவே தெரியும். லார்வா பியூபாங்குற பேரெல்லாம் அதுக்கப்புறம் சொல்லிக்கலாம், ஒண்ணும் அவசரமில்ல.

மதியச்சோறு

கொழுந்திலை சொல்றது நல்லாத்தான் இருக்கு, ஆனா எல்லா ஸ்கூல்லயும் மரம் இருக்கா என்ன? எங்களுக்கு முழுக்க சிமெண்ட் தரை. நான் கொசுவைத்தான் காட்டுவேன், செலவே இல்ல. கண்ணாடி பாட்டில்ல கூத்தாடிப்புழுவோட தண்ணி எடுத்து வாயத் துணியால இறுக்கிக் கட்டி வச்சா ஒரு வாரத்துக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும். மூச்சு விட வாலைத் தண்ணி மேல நீட்டித் தலைகீழா தொங்குறத பாத்துட்டு பசங்க அந்த இடத்த விட்டு நகர மாட்டாங்க. அதோட கூட்டுப்புழு கமா மாதிரி வளைஞ்சிருக்கும், சாப்பிடாது, ஆனா பாட்டிலத் தட்டினா குட்டிக்கரணம் போட்டு கீழ ஓடும். கூட்டுப்புழுன்னா அசையாம கிடக்கும்னு புக் படிச்சு நினைச்சிருக்குறவங்களுக்கு அதுதான் நல்ல பதில். வீட்டுல போய் தண்ணித் தொட்டிய மூடுன்னு சண்ட போடுவாங்க பாருங்க, அது போனஸ்.

தெருவோரப்புளி

மதியச்சோறு சார், கோவிச்சுக்காதீங்க, இது எனக்கு சரியா படல. துணி கொஞ்சம் நழுவினாலும் வகுப்புக்குள்ளயே கொசு பண்ணை ஆயிடும். மழை சீசன்ல டெங்கு செக் பண்ண வர்றவங்க அந்த பாட்டிலப் பாத்தா ஹெச்எம் பதில் சொல்ல முடியாது. காட்டித்தான் ஆகணும்னா கூட்டுப்புழு ஆன கையோட தண்ணிய காய்ஞ்ச மண்ணுல கொட்டிடுங்க, சாக்கடையில வேணாம்.

மிஸ், உங்க ஊர்ல எருக்கஞ்செடி இருக்கும்ல? அதுலயும் கறுப்பு மஞ்சள் வெள்ளைப் பட்டை போட்ட அழகான புழு இருக்கும். பாக்க மட்டும் கூட்டிட்டுப் போங்க, இலைய ஒடிக்க விடாதீங்க, அந்தப் பால் கண்ணுல பட்டா ஆபத்து. அந்தப் பால்ல இருக்குற விஷத்தத்தான் புழு உடம்புல சேத்து வச்சுக்கும், அதனாலதான் ஒளியாம அவ்ளோ பளிச்சுனு திரியுது. கறிவேப்பிலைப் புழு எச்சம் மாதிரி ஒளியுது, இது வெளிய தெரியுற மாதிரி சுத்துது, ஏன்னு கேட்டுப் பாருங்க, அஞ்சாம் வகுப்பு பசங்க பின்னி எடுப்பாங்க.

கொழுந்திலை

ஒண்ணு விட்டுப்போச்சு. சில கூட்டுப்புழுவுல இருந்து பட்டாம்பூச்சி வராது, ஓட்டை போட்டுக்கிட்டு குட்டிக் குட்டி குளவிங்க கும்பலா வரும். வலை கட்டுறதுக்கு முன்னாடியே குளவி வந்து புழு மேல முட்டை போட்டு வேலைய முடிச்சிருக்கும். பசங்க அழுவாங்க. மறைச்சுத் தூக்கிப் போட்டுடாதீங்க, அதையும் நோட்டுல வரையச் சொல்லுங்க. அதனால ஒரே கிளைய நம்பாம நாலஞ்சு கிளையா கட்டிடுங்க.

நாலாங்கிளாஸ்_மிஸ்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. சத்துணவுக் கூடத்துக்குப் பின்னாடி கறிவேப்பிலை மரம் இருக்கு, சாம்பாருக்கு தினமும் ஒடிக்கிறாங்க, சமையல் அக்காகிட்ட நாலு கிளைய மட்டும் விட்டு வைங்கக்கான்னு கேக்கணும். குளவி வந்தாலும் பரவாயில்ல, அதையும் காட்டுறேன். கொசு வேணாம், எங்க ஹெச்எம் பத்தி எனக்குத் தெரியும் 😄 ஒரே ஒரு டவுட்டு, வலைக்குள்ள பட்டாம்பூச்சி வந்த உடனே திறந்து விட்டுடலாமா?

கொழுந்திலை

உடனே வேணாம் மிஸ். வெளிய வர்றப்ப ரெக்கை ஈரமா சுருங்கி இருக்கும், விரிஞ்சு காய ரெண்டு மணி நேரம் கிட்ட ஆகும், அதுவரைக்கும் யாரும் தொடக் கூடாது. பெரும்பாலும் காலையிலதான் வரும், ப்ரேயருக்கு முன்னாடியே போய் பாத்துடுங்க.