மானாவாரி கடலை: 48-ம் நாள், 17 நாளாக மழை இல்லை, விழுது இறங்குமா?

செங்கம்செவல்:
ஆனியில் விதைத்த கதிரி 1812 ரகக் கடலை, ரெண்டு ஏக்கர், செம்மண். பத்தரை மணிக்கெல்லாம் இலை மடங்கிக்கொள்கிறது, விடியலில் விரிந்துதான் இருக்கு. அடி இலை வெளுக்குது. விழுது (பூ முடிந்ததும் மண்ணுக்குள் இறங்கிக் காய் பிடிக்கும் காம்பு) சிலது மண்ணைத் தொட்டு நுனி கறுத்து நிற்குது. ஏக்கருக்கு 20 கிலோ யூரியா போட்டு, களை கொத்தி மண் அணைக்கலாமா? ஜிப்சம் இன்னும் போடவில்லை.

கடலைக்காடு:
யூரியா வேண்டாம், கொத்தும் வேண்டாம். காய்ந்த மண்மேல் கிடக்கும் யூரியாவை வேர் எடுக்காது, ஒரு பங்கு காற்றோடும் போகலாம். வெளுப்புக்குக் காரணம், காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கும் வேர்முடிச்சு. ஈரம் குறைந்தால் முதலில் சுணங்குவது அதுதான், மழை வந்தால் தானாகத் திரும்பும். 45 நாளுக்கு மேல் களைவெட்டு உள்ளே போனால் இறங்கிய விழுதெல்லாம் அறுந்துவிடும். களையைக் கையால் பிடுங்குங்க.

இலை மடங்குவது செடி வெயிலுக்குக் குடை பிடிப்பது மாதிரி. காலை ஆறு மணிக்கும் விரியவில்லை என்றால்தான் ஆபத்து. ஒரு சாண் தோண்டி மண்ணைக் கையில் பிடித்துப் பாருங்க, உருண்டை நிற்குதா?

செங்கம்செவல்:
மேல் ரெண்டு அங்குலம் பொடி. அதுக்குக் கீழே உருண்டை பிடிக்குது.

கடலைக்காடு:
அப்போ செடி பிழைச்சுக்கும், காய்தான் சிக்கல். இலைக்குத் தண்ணீர் கீழ்வேர் கொடுக்கும். காய்க்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தை வேர் கொடுக்காது. காய் தன் தோல் வழியே சுற்றியுள்ள மண் ஈரத்திலிருந்து நேராக எடுக்கணும். அந்த ரெண்டு அங்குலம் காய்ந்தால் மேலே செடி பச்சையாக இருந்தும் கீழே பொக்குதான். சூல் இருப்பது விழுதின் நுனியில், அதனால் கறுத்தது இனி காயாகாது. மழைக்குப் பிறகு புதுப் பூ வரும், ஆனால் அந்தக் காய் பிந்தி முற்றும்.

அந்தச் சுண்ணாம்புச் சத்துக்குத்தான் ஜிப்சம், ஏக்கருக்கு 160 கிலோ. மானாவாரிக்கு 75-ம் நாள் வரை அவகாசம் உண்டு, மழை பெய்த மறுநாள் செடி ஓரமாகப் போடுங்க. இப்போது போட்டால் கரையாமல் கிடக்கும்.

தெளிப்பான்10:
மழை வரும் வரைக்கும் இலைமேல் தெளிக்கப் பொட்டாஷ் 1 சதவீதம்: பத்து லிட்டர் டேங்குக்கு 100 கிராம், ஏக்கருக்கு 200 லிட்டர். வெள்ளைப் பொட்டாஷ் வாங்குங்க, சிவப்பு நாசிலை அடைக்கும். நாலரை மணிக்கு மேல் அடிங்க; உச்சி வெயிலில் அடித்தால் உப்பு இலை ஓரத்தைக் கருக்கும். இலை நீர் இழப்பதைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். தண்ணீருக்கு ஈடாகாது.

சுருள்பூச்சியையும் பாருங்க, வறட்சியில்தான் ஏறும். இலையை மடித்து ஒட்டியிருக்கும்.

குட்டைக்கரை:
பக்கத்தில் பண்ணைக்குட்டையோ கிணறோ இருந்தால் தெளிப்பை விட ஒரு நனைப்பு மேல். 10 மில்லிமீட்டர் போதும், ஏக்கருக்கு 40,000 லிட்டர். மேல் ரெண்டு அங்குலம் நனையும், கீழ் ஈரம் ஏற்கெனவே இருக்கு. ரெயின் கன்னில் (மழை மாதிரி தூவும் பெரிய தெளிப்பான்) மாலையில் விடுங்க. வாய்க்காலில் விட்டால் தலைமடை குடித்துவிடும், கடைமடை காயும். நனைத்த மறுநாளே ஜிப்சம் போடலாம், மழைக்குக் காத்திருக்க வேண்டாம்.

ரெண்டு ஏக்கருக்கும் பத்தாது என்றால் விழுது அதிகம் இறங்கும் பக்கத்துக்கு மட்டும் கொடுங்க. பாதிப் பாதி நனைத்தால் ரெண்டுமே வீண்.

கடலைக்காடு:
இன்னொன்று. அறுவடைக்கு முந்தின நாலு வாரமும் இப்படியே காய்ந்தால் ஓடு வெடித்து, அஃப்ளாடாக்ஸின் என்ற நஞ்சைச் சுரக்கும் பூஞ்சணம் ஏறும். வெடித்த காயைத் தனியாகப் பிரிச்சுப் போட்டுடுங்க, மாட்டுக்கும் கொடுக்காதீங்க.