"எத்தனாவது படிக்கிற?" – இதை ஆங்கிலத்தில் எப்படிக் கேட்பது?

மைத்துளி (கேள்வி):
பள்ளி, கல்லூரி பற்றிச் சாதாரணமாகப் பேசுகிற ஆங்கிலம் வேண்டும். இலக்கணம் ஓரளவு தெரியும், எழுதினால் வந்துவிடுகிறது. பேசும்போதுதான் தடுமாற்றம். முக்கியமாக மூன்று இடங்கள்: "எத்தனாவது படிக்கிற?", "எவ்வளவு மார்க்?", அப்புறம் நோட்டு கேட்பது. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் மாணவர்கள் இதையெல்லாம் எப்படிச் சொல்வார்கள்?

கரும்பலகை:
முதல் கேள்வியில் சிக்குவதற்குக் காரணம் இருக்கிறது. "எத்தனாவது" என்பதற்கு ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல்லே கிடையாது. தேடத் தேட வாக்கியம் நின்றுபோகும். அதனால் அந்தச் சொல்லை விட்டுவிட்டு வகுப்பின் பெயரைக் கேளுங்கள். அமெரிக்காவில் "வாட் கிரேட் ஆர் யூ இன்?", இங்கிலாந்தில் "வாட் இயர் ஆர் யூ இன்?". கடைசி "இன்"னை விழுங்கிவிடாதீர்கள், அது இல்லாவிட்டால் வாக்கியம் அந்தரத்தில் தொங்கும். பதில்: "ஐம் இன் டென்த் கிரேட்", "ஐம் இன் இயர் டென்". முன்னதில் டென்த், பின்னதில் வெறும் டென். இரண்டும் ஒரே வயதும் அல்ல. அமெரிக்காவின் 10-வது கிரேடுக்கு இங்கிலாந்தில் நேரானது இயர் 11.

இன்னொரு பள்ளம் "ஜூனியர்". நமக்கு அது கீழ் வகுப்புப் பிள்ளை. அமெரிக்கர் "ஐம் எ ஜூனியர்" என்றால் உயர்நிலைப் பள்ளியில் 11-வது அல்லது கல்லூரியில் மூன்றாம் ஆண்டு என்று பொருள். வரிசை: ஃப்ரெஷ்மன், சோஃபமோர், ஜூனியர், சீனியர். அங்கே கல்லூரி மாணவரிடமும் "வேர் டூ யூ கோ டு ஸ்கூல்?" என்று கேட்பார்கள். ஸ்கூல் என்ற சொல்லைக் கேட்டுக் குழம்ப வேண்டாம், கல்லூரியின் பெயரைச் சொன்னால் போதும்.

வாய்ப்பாடு:
மார்க் விஷயம். "ஹவ் மச் மார்க்?" என்பது தமிழை அப்படியே தூக்கி வைப்பது. "ஹவ் டிட் யூ டூ ஆன் தி மேத் டெஸ்ட்?" என்பது அமெரிக்க வழக்கு. பிரிட்டிஷ் வழக்கில் "ஆன்" போய் "இன்" வரும், மேத் என்பது மேத்ஸ் ஆகும். நெருங்கிய நண்பரிடம் "வாட் டிட் யூ கெட்?" போதும். பதிலும் சுருக்கம்தான்: "எய்ட்டி டூ அவுட் ஆஃப் எ ஹண்ட்ரட்". தப்பித்தோம் பிழைத்தோம் என்று தேறினால் "ஐ பேர்லி பாஸ்ட்". "ஐ ஜஸ்ட் பாஸ்ட்" என்றால் இப்போதுதான் தேறினேன் என்றும் அர்த்தமாகும். போய்விட்டால் "ஐ ஃபெயில்ட் மேத்ஸ்", நடுவில் "இன்" தேவையில்லை.

தேர்வு "எழுதுவது" தமிழ். "ரைட்டிங் அன் எக்ஸாம்" என்றால் அமெரிக்கர், ஆங்கிலேயர் காதுக்கு வினாத்தாள் தயாரிப்பதுபோலக் கேட்கும். "டேக்" இருவருக்கும் பொது, "சிட்" பிரிட்டிஷ். தேர்வுக்குப் படிப்பது "ரீடிங்" இல்லை, "ஸ்டடியிங் ஃபார் தி எக்ஸாம்". பிரிட்டனில் அதையே "ரிவைஸிங்" என்பார்கள். அமெரிக்காவில் "ரிவைஸ்" என்றால் எழுதியதைத் திருத்துவது. படிப்பு முடிந்ததை "பாஸ்ட் அவுட்" என்று சொல்லவே சொல்லாதீர்கள், மயங்கி விழுந்ததாக நினைப்பார்கள். "ஐ கிராஜுவேட்டட் லாஸ்ட் இயர்" சரி.

வெண்கட்டி:
நோட்டு கேட்கிற இடத்தில் நம்மவர்கள் தலைகீழாக்குவது "பாரோ", "லெண்ட்" இரண்டையும்தான். வாங்குகிறவர் பாரோ, கொடுக்கிறவர் லெண்ட். எப்போதும் "கேன் ஐ"யில் தொடங்கினால் "பாரோ" மட்டும் போதும். இதை இரண்டு பேர் மாற்றி மாற்றிச் சொல்லிப் பாருங்கள்:

– ஹே, கேன் ஐ பாரோ யுவர் நோட்ஸ்? ஐ மிஸ்ட் கிளாஸ் எஸ்டர்டே.
– ஷுர். ஐ நீட் தெம் பேக் பை ஃப்ரைடே, தோ.
– நோ ப்ராப்ளம். டிட் வீ கெட் எனி ஹோம்வொர்க்?
– யா, டூ பேஜஸ். இட்ஸ் ட்யூ மண்டே.

இதில் மூன்றைக் கவனியுங்கள். "பை ஃப்ரைடே" என்றால் வெள்ளிக்குள். "அண்டில்" போட்டால் வெள்ளிவரை வைத்துக்கொள் என்று மாறிவிடும். ஹோம்வொர்க்குக்குப் பன்மை இல்லை, "ஹோம்வொர்க்ஸ்" என்று வராது. "ட்யூ" தெரியாமல் மாணவர் பேச்சே நடக்காது. எப்போது கொடுக்கணும் என்பதை "வென்ஸ் இட் ட்யூ?" என்ற மூன்றே சொல்லில் கேட்டுவிடலாம். அமெரிக்கர் வாயில் அது "டூ" என்றே வரும், இரண்டு என்று எண்ணிவிடாதீர்கள்.

ஒரு வேண்டுகோள்: தனி வாக்கியமாக மனப்பாடம் செய்யாதீர்கள். கேள்வியையும் பதிலையும் ஜோடியாகவே பழகுங்கள். தனியாகப் படித்தது, பதில் எதிர்பாராத வடிவில் வந்ததும் கைவிட்டுவிடும்.

மைத்துளி:
மிக்க நன்றி. ஆசிரியரிடம் "ஐ ஹேவ் எ டவுட்" சரியா?

கரும்பலகை:
இந்தியாவில் யாருக்கும் புரியும். வெளியே "டவுட்" என்றால் நீங்கள் சொல்வதை நான் நம்பவில்லை என்ற சாயல் வரும். "ஐ ஹேவ் எ கொஸ்டின்" எங்கும் பொருந்தும். எங்கே புரியவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னால் இன்னும் நல்லது: "ஐ டிடின்ட் கெட் தி லாஸ்ட் பார்ட்", "ஐம் ஸ்டக் ஆன் நம்பர் ஃபோர்". ஆசிரியர் நேராக அந்த இடத்துக்கே வந்துவிடுவார்.