விழுற ரிஸ்க்க மட்டும் எப்படி கணக்கு பண்றது?

பட்டர்வொர்த் பையன்:
வணக்கம். மலேசியா, பினாங்கு பாயான் லெப்பாஸ்ல டெக்னீஷியன் வேலை, போனஸ் காச யூனிட் டிரஸ்ட்ல (பலர் காச சேர்த்து முதலீடு பண்ற ஃபண்ட்) போட்டு வச்சிருக்கேன். அதோட ஃபேக்ட் ஷீட்ல வாலட்டிலிட்டி ஃபேக்டர், அதாவது விலை எவ்ளோ ஏறி இறங்குதுங்கிற அளவு, 'வெரி ஹை'னு போட்டிருக்கு, ஆனா நான் பார்த்தவரைக்கும் நிறைய மாசம் மேலதான் குதிச்சிருக்கு, மேல போறதும் ரிஸ்க்கா? அடுத்த வருஷம் வீட்டுக்கு டவுன்பேமெண்ட் கட்டணும், எவ்ளோ விழும்னு தெரிஞ்சா போதும். 12 மாசத்துல 4 மாசம் மைனஸ், 2, 3, 1, 4 சதவீதம். அந்த நாலுக்கு மட்டும் எக்செல்ல ஸ்டாண்டர்ட் டீவியேஷன் போட்டேன், 1.29 வந்துச்சு. சரியா?

செந்தூல் அக்கா:
இல்ல தம்பி. நீங்க போட்டது அந்த நாலு மாசமும் தங்களோட சராசரியில இருந்து எவ்ளோ தள்ளி இருக்குன்னுதான் சொல்லும். நாலு மாசமும் சரியா 3 சதவீதம் விழுந்திருந்தா உங்க கணக்குல ரிஸ்க் பூஜ்யம்னு வந்திருக்கும், யோசிச்சு பாருங்க. விழுற பக்கத்த மட்டும் அளக்குறது டவுன்சைட் டீவியேஷன், அதுக்கு முதல்ல ஒரு டார்கெட் வைக்கணும், இப்போதைக்கு 0 வைங்க. அதுக்கு கீழ போனத மட்டும் வர்க்கம் பண்ணுங்க, 4, 9, 1, 16, மொத்தம் 30. இத 12ஆல வகுக்கணும், 4ஆல இல்ல, நல்ல மாசமும் பூஜ்யமா கணக்குல நிக்கணும். 2.5 வரும், வர்க்கமூலம் 1.58. நிறைய பேர் 4ஆல வகுத்து 2.74னு சொல்லிடுறாங்க, அப்படி பண்ணா வருஷத்துல நாலு தடவை விழுறதும் பன்னெண்டு தடவை விழுறதும் ஒரே மாதிரி தெரியும். வீட்டு காசுன்னா டார்கெட்டா எஃப்டி (பேங்க் ஃபிக்சட் டெபாசிட்) வட்டிய வைங்க. 12 மாசம் ரொம்ப கம்மி, ஃபேக்ட் ஷீட் நம்பரே 3 வருஷத்துக்குதான் போடுவாங்க.

கிள்ளான் அங்கிள்:
அக்கா சொன்னது சரி, ஆனா டிராடவுனும் பாருங்க தம்பி, உச்சத்துல இருந்து அடி வரைக்கும் எவ்ளோன்னு. 1997 பிப்ரவரியில கேஎல்சிஐ (மலேசிய பங்குச்சந்தை குறியீடு) 1,271, 1998 செப்டம்பர்ல 262. கிட்டத்தட்ட 79 சதவீதம் போச்சு, நான் அப்ப உள்ள மாட்டிக்கிட்டவன். பழைய இடத்துக்கு வர 2007 ஆச்சு. மாசக்கணக்கு ரிஸ்க் நம்பர் இந்த பத்து வருஷத்த காட்டாது. பாதி காசு போனா திரும்பி வர நூறு சதவீதம் ஏறணும்லா. அடுத்த வருஷம் கட்ட வேண்டிய காச எதுக்கு அங்க வச்சிருக்கீங்க?

பட்டர்வொர்த் பையன்:
நன்றி அக்கா, அங்கிள். டவுன்பேமெண்ட் காச எஃப்டிக்கு மாத்திடுறேன். ஃபண்ட்ல மாசம் 300 வெள்ளி (ரிங்கிட்) போட்டுக்கிட்டே இருந்தேன், டிராடவுன என் பேலன்ஸ வச்சு பார்க்கலாமா?

செந்தூல் அக்கா:
வேணாம் தம்பி, நீங்க போட்ட 300 வெள்ளி விழுந்தத மறைச்சிடும். யூனிட் விலைய வச்சு பாருங்க, டிஸ்ட்ரிபியூஷன் (ஃபண்ட் பிரிச்சு கொடுக்குற பணம்) கொடுத்த நாள்ல விலை இறங்கியிருக்கும், அத திருப்பி சேர்த்துக்கோங்க, இல்லன்னா விழாததையும் விழுந்ததா எண்ணிடுவீங்க.