1215-க்குப் பிறகு இங்கிலாந்து மட்டும் ஏன் ஜூரி பக்கம் போனது?

வணக்கம் நண்பர்களே. குற்றவியல் நடைமுறையின் வரலாறு பற்றி மாணவர்களுக்கு ஓர் உரை தயாரிக்கிறேன். ஓரிடத்தில் சிக்கி நிற்கிறேன், தெரிந்தவர்கள் கைகொடுங்கள்.

1166-ல் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஹென்றி பிறப்பித்த கிளாரெண்டன் ஆணைப்படி, வட்டாரத்தின் பன்னிரண்டு பேர் சத்தியம் செய்து ஒருவரைச் சுட்டினால், அவரைக் கட்டி நீரில் இறக்குவார்கள். மூழ்கினால் நிரபராதி, மிதந்தால் குற்றவாளி. (மூழ்கியவரை உடனே இழுத்துவிடுவார்கள் என்பதைப் படித்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது!) 1215-ல் கத்தோலிக்கத் திருச்சபையின் நான்காம் லேட்டரன் சங்கம், குருமார் இந்தச் சடங்கை நடத்தக் கூடாது என்று தடுத்தது. ஆசீர்வதிக்கக் குரு இல்லையென்றால் தெய்வத் தீர்ப்பு ஏது?

இங்கிருந்துதான் குழப்பம். இங்கிலாந்து, சாதாரண மக்கள் குழுவே குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்லும் ஜூரி விசாரணைக்குப் போனது. ஐரோப்பாவின் மற்ற பல பகுதிகளில் நீதிபதியே புலனாய்வும் செய்தார். மரண தண்டனைக்கு இரண்டு நேரடி சாட்சிகளோ ஒப்புதல் வாக்குமூலமோ வேண்டும் என்பதால் சித்திரவதை உள்ளே நுழைந்தது. புனித ரோமானியப் பேரரசர் ஐந்தாம் சார்லஸின் 1532 சட்டத் தொகுப்பு அதற்கு விதிகளே வகுத்தது. இங்கிலாந்தும் யோக்கியமில்லை: ஜூரியை ஏற்க மறுத்தவர்மேல் பாரம் ஏற்றி நசுக்கும் வழக்கம் 1772 வரை சட்டத்தில் இருந்தது.

ஊர்ப் பன்னிரண்டு பேர் ஏற்கெனவே தயாராக இருந்ததுதான் காரணமா? அரச நீதிமன்றங்களின் பலமா? நான் முதலாவதை நம்புகிறேன், ஆனால் மறுத்துப் பேச ஆள் வேண்டும்.

தமிழில் இதைப் பற்றி ஏதேனும் கட்டுரை கண்ணில் பட்டிருந்தாலும் சொல்லுங்கள். நீதிபதியே துருவி விசாரிக்கும் முறைக்கு ‘புலன்விசாரணை முறை’ என்று எழுதியிருக்கிறேன். காவல்துறை வேலைபோல ஒலிக்கிறது, நல்ல சொல் இருக்கிறதா?