புதுப்பிப்பு: இஸ்ரேலில் காரில்லாத வார இறுதிகள்

போன வருடம் ரெஹோவோத்துக்கு வந்த புதிதில், யூதர்களின் ஓய்வுநாளான சனிக்கிழமைக்காக வெள்ளி மதியத்தோடு பஸ், ரயில், பெரும்பாலான கடைகள் நின்றுவிடுகின்றனவே, நானும் கணவரும் காரில்லாமல் என்ன செய்வது என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி, அடுத்த வாரம் ஊர் திரும்புகிறோம்.

சாமான்களை வியாழன் இரவே வாங்கிவிடுவது பழகிவிட்டது. கறிவேப்பிலைக்கு ரம்லா போங்கள் என்று ஒருவர் சொன்னது பெரிய உதவி. இந்தியாவிலிருந்து குடியேறிய யூதர்கள் நிறையப் பேர் அங்கே இருக்கிறார்கள். கடைக்கார அம்மா மராத்தியில்தான் பேச்சைத் தொடங்கினார், எங்களுக்குத் தெரியாது என்றதும் சிரித்துக்கொண்டே ஒரு பிடி கொத்தமல்லியையும் பையில் போட்டார்.

தூரப் பயணத்துக்கு வாடகை கார்தான் சரி, வெள்ளி காலையிலேயே எடுத்துவிடுங்கள். சாக்கடலுக்கு அப்படித்தான் போனோம். கடல் மட்டத்துக்கு 400 மீட்டருக்கும் கீழே, இறங்க இறங்கக் காது அடைக்கிறது. காய் நறுக்கும்போது விரலில் பட்டிருந்த சின்னக் கீறல், அந்த உப்புத் தண்ணீர் பட்டதும் அப்படி எரிந்தது! நீச்சலே தெரியாத என்னவர் மல்லாந்து மிதந்தபடி, வெளியே வரவே மாட்டேன் என்றுவிட்டார்.

அப்புறம், ஹைஃபாவில் சனிக்கிழமையும் சில பஸ்கள் ஓடும். அதையும் பாருங்கள்.