உலோக மவுத்பீஸுக்கு மாறியபோது எனக்கு நடந்தது: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

தொடக்கப் பதிவு

ஏழு ஆண்டுகளாக ஆல்டோ சாக்ஸபோன் வாசித்து வருகிறேன். வாயில் வைத்து ஊதும் மவுத்பீஸ், முதல் ஐந்து ஆண்டுகள் முழுக்க எபோனைட்தான் (கடின ரப்பர்). செல்மர் எஸ்80 சி ஸ்டார் என்ற மாதிரி, முனைத் திறப்பு (முனைக்கும் ரீடுக்கும் இடையிலுள்ள இடைவெளி) 1.70 மி.மீ., அதில் வாண்டோரன் நீலப் பெட்டி 3ஆம் எண் ரீடு. காற்றில் அதிர்ந்து ஒலி எழுப்பும் மெல்லிய நாணல் தகடுதான் ரீடு; எண் கூடினால் விறைப்பும் கூடும். வீட்டில் தனியாக வாசித்தவரை ஒரு குறையும் தெரியவில்லை. டிரம்ஸும் எலெக்ட்ரிக் கிதாரும் இருக்கும் ஒரு குழுவில் சேர்ந்த பிறகுதான் என் ஒலி மற்றவற்றுக்கு அடியில் அமுங்கிப் போவது தெரிந்தது. எவ்வளவு அழுத்தி ஊதினாலும் உதடு வலித்ததே தவிர, ஒலி முன்னுக்கு வரவில்லை.

டேவிட் சான்பார்னின் ஆல்டோ ஒலிமீது எனக்குத் தீராத மோகம் உண்டு. அவர் டூகாஃப் டி8 என்ற உலோக மவுத்பீஸ் வாசித்தவர் என்பது சாக்ஸபோன்காரர்கள் பலருக்கும் தெரிந்த செய்தி. எனவே உலோகம்தான் விடை என்று முடிவு கட்டி, தங்க முலாம் பூசிய ஒன்றை வாங்கினேன். முனைத் திறப்பு 0.095 அங்குலம், அதாவது சுமார் 2.4 மி.மீ. ரீடை மட்டும் மாற்றவில்லை. பெட்டியில் மிச்சம் இருந்த அதே 3ஆம் எண்ணைப் பூட்டினேன்.

முதல் நாள் காலை இன்னும் கண்முன் நிற்கிறது. வாயில் வைத்தவுடன் பல் கூசும் குளிர்ச்சி. எபோனைட்டைவிட மிக ஒல்லியான அலகு என்பதால் கடைவாயோரங்கள் எங்கே பிடிப்பது என்று தெரியாமல் தவித்தன. ஊதினால் பாதி காற்று, பாதி ஒலி. கருவியின் மிகத் தாழ்ந்த ஸ்வரமான கீழ் பி பிளாட் வரவே இல்லை. பத்து நிமிடத்தில் உதட்டோரம் தளர்ந்து காற்று கசியத் தொடங்கியது. ரீடை மூட வேண்டும் என்று தாடையால் கடித்ததில், கீழுதட்டின் உள்பக்கம் பற்கள் வரிசையாகப் பதிந்து கன்றிப் போனது. பழகிவிடும் என்று மூன்று மாதம் அப்படியே ஓட்டினேன். அந்த மூன்று மாதத்தை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. சுருதி கெட்டது, நாக்கின் வேகம் கெட்டது, வாசிக்கும் ஆசையே குறைந்தது.

எங்கள் குழுவின் மூத்த டெனர் சாக்ஸபோன் கலைஞர் ஒருநாள் என் ரீடைக் கழற்றச் சொன்னார். வாண்டோரன் ஜாவா 2ஆம் எண் ரீடு ஒன்றை ஈரப்படுத்தித் தந்தார். முதல் மூச்சிலேயே கீழ் பி பிளாட் திறந்துகொண்டது! ஆனால் மேல் ஸ்தாயியில் ரீடு முனையோடு ஒட்டிக்கொண்டு மூச்சையே அடைத்தது. ரெண்டரை போட்டால் மேலே சரி, கீழே மறுபடியும் பாரம். இரண்டு வாரம் இப்படி மாறி மாறி ஊதிய பிறகுதான், திறப்பே எனக்குப் பெரிது என்ற உண்மை உறைத்தது.

காரணம் எளியதுதான். முனைக்கும் ரீடுக்கும் இடையிலுள்ள இடைவெளி கூடக் கூட, ஒவ்வோர் அதிர்விலும் ரீடு அதிக தூரம் வளைய வேண்டும். ரீடும் விறைப்பாக இருந்துவிட்டால் அந்த வேலை முழுவதும் உதட்டின் தலையில் விழுகிறது. அதனால்தான் திறப்பு பெருகினால் ரீடின் எண் இறங்க வேண்டும் என்கிறார்கள். ரீடைவிட்டு முனை நோக்கி விலகிச் செல்லும் முகவளைவின் நீளமும் இதில் சேரும். வளைவு நீண்டிருந்தால் ரீடின் அதிக பகுதி விடுபட்டு ஆடுவதால், சற்றுக் கடினமான ரீடையும் அது தாங்கும்.

இப்போது என்னிடம் இருப்பது 0.080 அங்குலத் திறப்பு, சுமார் 2.03 மி.மீ. பேஃபிள், அதாவது முனைக்கு அடுத்த உட்புறச் சரிவு, நடுத்தர உயரம். டடாரியோ செலக்ட் ஜாஸ் அன்ஃபைல்டு 2எச் ரீடு (2ஆம் எண்ணில் விறைப்பான வகை). உதடு வலிக்காமல் இரண்டு மணி நேரம் வாசிக்கிறேன். டிரம்ஸுக்கு மேலாக என் ஒலி கேட்கிறது.

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். உலோகம் என்பதாலேயே ஒலி கூர்மையாகிவிடும் என்று நான் நம்பியது தவறு. ஜான் கோல்ட்ரேன் டெனரில் வாசித்தது உலோக ஓட்டோ லிங்க். உள்ளறை அகன்ற மவுத்பீஸ் அது. அந்த ஒலியின் கனம் கேட்டவர்களுக்குத் தெரியும். எபோனைட்டிலேயே பேஃபிளை உயர்த்திக் கடைந்தவை காதைத் துளைப்பதும் உண்டு. காற்று முதலில் மோதிச் செல்லும் பேஃபிளின் உயரம், உள்ளறையின் அளவு, முனைத் திறப்பு, இவைதான் ஒலியைத் தீர்மானிக்கின்றன. உலோகம் தருவது வேறொன்று: சுவரை மெல்லியதாகக் கடையலாம், எனவே வாய் குறைவாகத் திறந்தால் போதும். அந்தப் பிடிப்பு எனக்குப் பிடித்திருப்பதால் உலோகத்திலேயே இருக்கிறேன்.

மாறியவர்கள், மாறிவிட்டுத் திரும்பியவர்கள், இருவரும் எழுதுங்கள்.

மறுமொழி 1

தம்பி, நீங்கள் ரீடையும் திறப்பையும் சொன்னீர்கள். நான் செய்நேர்த்தியைச் சொல்கிறேன். ஒரே மாதிரி, ஒரே எண் பொறித்த இரண்டு உலோக மவுத்பீஸ்கள் என் கைக்கு வந்தன. ஒன்று பேசியது, மற்றொன்று கீச்சிட்டது. பெட்டி பெட்டியாக ரீடு மாற்றியும் கீச்சுச் சத்தம் போகவில்லை. பழுது பார்ப்பவரிடம் கொண்டு போனேன். அவர் மவுத்பீஸில் ரீடு படுக்கும் தட்டையான மேசைமீது ஒரு கண்ணாடிப் பட்டையை வைத்து, 0.0015 அங்குலத் தகடு ஒன்றை முனைப் பக்கமிருந்து உள்ளே மெல்ல நழுவவிட்டார். நேராக நிற்க வேண்டிய தகடு ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. இடது ரெயிலின் (ரீடு படியும் பக்க விளிம்பின்) வளைவு வலது ரெயிலைவிட முன்னதாகவே தொடங்குகிறது என்று அர்த்தம். ரீடின் ஒரு பாதி மூடும்போது மறுபாதி இன்னும் திறந்திருக்கும். கீச்சிடாமல் என்ன செய்யும்?

அன்றிலிருந்து எதை வாங்கினாலும் உறிஞ்சிப் பார்க்காமல் விடுவதில்லை. ரீடை நன்றாக நனைத்துப் பூட்டி, பின்புறத் துளையை உள்ளங்கையால் அடைத்து, வாயால் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு உதட்டை விலக்குங்கள். ஓரிரு நொடி ரீடு ஒட்டியிருந்து, பிறகு ‘டப்’பென்று விடுபட்டால் நல்லது. உடனே விட்டால் எங்கோ கசிகிறது. ஒரே ரீடில் தோற்றால் ரீடைச் சந்தேகியுங்கள். நாலைந்து ரீடிலும் தோற்றால் மவுத்பீஸைக் கீழே வையுங்கள்.

ரீடின் ஓரம் ரெயிலுக்கு வெளியே துருத்திக்கொண்டு இருக்கிறதா என்றும் வெளிச்சத்தில் பாருங்கள்.

மறுமொழி 2

எனக்கு வந்த தொல்லை சுருதி. என் உலோக மவுத்பீஸின் உள்ளறை சிறியது. கருவியின் கழுத்துக் கார்க்கில் பழைய எபோனைட் நின்ற அதே அடையாளத்தில் நிறுத்தினால் எல்லா ஸ்வரமும் ஏறி நிற்கும். சாக்ஸபோனின் குழல் நுனி வெட்டப்பட்ட ஒரு கூம்பு. வெட்டிய நுனிக்கு ஈடான கொள்ளளவை மவுத்பீஸ் தர வேண்டும். உள்ளறை சிறுத்தால் வெளியே இழுத்துத்தான் அதை ஈடுகட்ட முடியும். நான் இழுத்துக்கொண்டே போனேன். கடைசியில் கார்க்கின் நுனியை மட்டும் பிடித்துக்கொண்டு மவுத்பீஸ் ஆடத் தொடங்கியது. ஒரு நிகழ்ச்சியில் பியானோவோடு ஒரு மெதுவான பாடல், நடுவில் மவுத்பீஸ் சற்றே திரும்பிவிட்டது. பியானோ கலைஞர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

இத்தனைக்கும் பாதிக் குற்றம் என் கடியில் இருந்தது. மவுத்பீஸை மட்டும் தனியாக ஊதி டியூனரில் பார்த்தேன். ஆல்டோவுக்கு 880 ஹெர்ட்ஸ் ‘ஏ’ வர வேண்டும் என்று பொதுவாகக் கற்றுத் தருவார்கள். ஜாஸ் வாசிப்பவர்கள் அதற்கும் கீழே வைப்பதுண்டு. எனக்கு அது ‘பி’ வரை ஏறியிருந்தது. ரீடை அரை எண் இறக்கித் தாடையைத் தளர்த்தியதும், மவுத்பீஸ் கார்க்கில் நன்றாக உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது.

ரீடைப் பிடித்து நிறுத்தும் பழைய லிகேச்சரும், மூடியும் பெரும்பாலும் ஒல்லியான உலோகத்துக்குப் பொருந்தாது. அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி 3

நான் செயற்கை ரீடுக்காரன். லெஜேர் நிறுவன ரீடுகள் கால் எண் இடைவெளியில் கிடைப்பது எனக்கு வசதி. உயர்ந்த பேஃபிள் உலோகத்தில் 2.5 போட்டபோது என் காதுக்கு ஒலி தகரம் தட்டியது போல இருந்தது. 2.25இல் சற்று இணக்கம் வந்தது. ஆனாலும் மெதுவான பாடல்களுக்கு நாணல் ரீடையே எடுக்கிறேன்.

மறுமொழி 4

ஐயா, செல்மர் சி ஸ்டாரிலிருந்து முதல் முறையாக மாற இருக்கிறேன். எங்கே தொடங்கலாம்?

தொடக்கப் பதிவர்

உங்கள் கேள்விக்கு நான் பட்டதை வைத்துச் சொல்கிறேன். 1.70இலிருந்து நேராக 2.4க்குத் தாவாதீர்கள். 1.9 முதல் 2.05 மி.மீ.க்குள் பாருங்கள். மேலே பொறித்த எண்ணை நம்ப வேண்டாம், ஒருவரின் 7 இன்னொருவரின் 6ஆக இருக்கும். பெர்க் லார்சன் நிறுவன மவுத்பீஸில் 85/2/எம் என்று இருந்தால் 0.085 அங்குலத் திறப்பு, 2ஆம் வகை உள்ளமைப்பு, நடுத்தர முகவளைவு. அவர்கள் கணக்கில் 0 மிகக் கூர்மை, 3 மிக மென்மை. பழைய ரீடைவிட அரை எண் குறைத்து ஒன்றும், முக்கால் எண் வரை குறைத்து இன்னொன்றும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் மவுத்பீஸ், லிகேச்சர் இரண்டையும் மாற்றாமல் ரீடை மட்டும் மாற்றிப் பாருங்கள்.

குளிர்ச்சிக்கு ஒரு வழி உண்டு: வாசிக்கும் முன் இரண்டு நிமிடம் உள்ளங்கையில் பொத்தி வைத்திருங்கள். பல் வழுக்கினால், பல் படும் இடத்தில் 0.8 மி.மீ. ஒட்டுத் தகடு போதும். கீழ் பி பிளாட்டை மெல்லிய ஒலியில் தொடங்கிப் பாருங்கள், பிறகு மேல் எஃப்பை உதட்டை இறுக்காமல் பிடித்துப் பாருங்கள். இரண்டும் ஒரே ரீடில் வந்த அன்று இங்கே எழுதுங்கள், எந்த ரீடு என்று எனக்கும் தெரிய வேண்டும்.