முடக்குவாதம்: சாப்பாட்டிலேயே அடக்கிவிட்டால் மாத்திரையை நிறுத்தலாமா?

பொள்ளாச்சி வடிவு:
எனக்கு முடக்குவாதம்ங்க, ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்ங்கிற மூட்டு நோய். அதைக் காட்டுற ஆன்ட்டி சிசிபி ரத்த டெஸ்ட் பாசிட்டிவ். காலையில எந்திரிச்சா குழாயைத் திருகக்கூட விரல் மடங்காது. வெந்நீர்ல கையை முக்கி வச்சு, ஒரு மணி நேரம் போனாத்தான் தோசைக்கரண்டியைப் பிடிக்க முடியும். வாரம் ஒரு நாள் மெத்தோட்ரெக்ஸேட், இந்த நோயை அடக்குற மாத்திரை. போட்ட மறுநாள் பூராவும் குமட்டல், சோத்து வாசமே ஆகாது.

போன வருசத்துல இருந்து சர்க்கரை, மைதா, பேக்கரிப் பண்டம், பால் எல்லாத்தையும் விட்டுட்டேன். கீரை, பயறு, மத்தி மீன், சாமைச் சோறுதான். தினமும் நடக்கிறேன். எடை குறைஞ்சுது, வீக்கம் வடிஞ்சுது, உடம்புல அழற்சி எவ்வளவுன்னு காட்டுற சிஆர்பி ரத்த டெஸ்ட்டும் இறங்கிருச்சு. 1991லயே லான்செட் மருத்துவ இதழ்ல நார்வேக்காரங்க ஆய்வு போட்டிருக்காங்க. முடக்குவாதக்காரங்களை ஏழுல இருந்து பத்து நாள் விரதம் இருக்க வச்சு, அப்புறம் ஒரு வருசம் சைவச் சாப்பாடு கொடுத்ததுல வலி, வீக்கம், விறைப்பு எல்லாம் குறைஞ்சுதாம். இவ்வளவு வருசம் ஆகியும் எந்த டாக்டரும் என்ன சாப்பிடுறேன்னு என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டதில்லைங்க. சாப்பாட்டிலேயே அடங்குதுன்னா மாத்திரை எதுக்கு? நிறுத்திடலாம்னு இருக்கேன்.

மருந்துக்கடைக்காரன்:
நிறுத்தாதீங்க அக்கா. மத்ததை அப்புறம் பேசலாம்.

வலி குறையுறது வேற, மூட்டு அரிபடாம இருக்கிறது வேற. இந்த நோய்ல மூட்டுக்குள்ள இருக்கிற மெல்லிய சவ்வு தடிச்சு, பக்கத்து எலும்பை அரிக்கும். வலி போய், சிஆர்பி நார்மலா இருக்கிறவங்களுக்கே அல்ட்ராசவுண்ட் எடுத்தா சில சமயம் சவ்வுல அழற்சி இருக்கும். அரிச்ச எலும்பு பழையபடி ஆகாது. நோய் வந்த முதல் ஒண்ணு ரெண்டு வருசத்துலயே அரிப்பு தொடங்கிடும், அதனாலதான் சீக்கிரமே மருந்தை ஆரம்பிக்கச் சொல்றாங்க.

இன்னொண்ணு, உங்க சிஆர்பி இறங்கினப்ப மாத்திரையும் ஓடிக்கிட்டுத்தானே இருந்துச்சு? எடையும் குறைஞ்சிருக்கு. நோயும் தானாவே ஏறி இறங்கும். இதுல பால் விட்டதுக்கு எவ்வளவு, மாத்திரைக்கு எவ்வளவுன்னு எப்படிப் பிரிப்பீங்க?

குமட்டலுக்கு வழி இருக்கு. இதோட சேர்த்துக் கொடுக்கிற ஃபோலிக் ஆசிட் வைட்டமின் மாத்திரை அளவைக் கூட்டிப் பார்ப்பாங்க, இல்லேன்னா மாத்திரையை ஊசியா மாத்துவாங்க. டாக்டர்கிட்ட வாய்விட்டுச் சொல்லணும். பலபேர் சொல்றதே இல்லை, பேசாம விட்டுடுறாங்க. (வாரத்துக்கு ஒரு தடவைதானே போடுறீங்க? தினமும்னு தப்பாப் புரிஞ்சுக்கிட்டு உயிரையே விட்டவங்க உண்டு. அதனால யாரு இந்த மாத்திரை வாங்கினாலும் கேட்டுடுவேன்.)

வைகைக்கரை:
நிறுத்தக் கூடாது என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் அந்த அம்மாவின் சமையலறை உழைப்பையே ஒன்றுமில்லை என்பதுபோல் பேசுவது நியாயமா?

கோதுமை ஒத்துக்கொள்ளாமல் குடல் கெடும் சீலியாக் நோயும் முடக்குவாதம் போலத் தன்னெதிர்ப்பு நோய்தான், அதாவது உடலின் எதிர்ப்புசக்தி உடலையே தாக்கும் நோய். டச்சு குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கேவுக்குக் கோதுமை மேல் முன்பே சந்தேகம் இருந்தது. 1944-45 பஞ்சக் குளிர்காலத்தில் ஹாலந்தில் ரொட்டி கிடைக்காமல் போக, நோயாளிக் குழந்தைகள் தேறினார்கள். ரொட்டி திரும்பியதும் மறுபடி வாடினார்கள். இன்றுவரை அந்த நோய்க்குச் சிகிச்சை கோதுமை, பார்லி வகைகளை அடியோடு விடுவதுதான். குழந்தைகளுக்கு வரும் கிரோன் என்ற குடல் அழற்சி நோயில் ஆறு முதல் எட்டு வாரம் சத்துப்பானம் மட்டுமே கொடுத்து, அழற்சியை வேகமாக அடக்கும் ஸ்டீராய்டு மருந்துக்கு நிகராக நோயை அடக்குகிறார்கள். அமெரிக்காவில் 25,000 பேருக்கு மேல் கலந்துகொண்ட ஆய்வில், ஐந்து வருடம் தினம் 2000 யூனிட் வைட்டமின் டி எடுத்தவர்களுக்குத் தன்னெதிர்ப்பு நோய் புதிதாக வருவது 22 சதவீதம் குறைந்ததாக 2022இல் வெளியிட்டார்கள்.

முடக்குவாதத்துக்கே வருவோம். புகை பிடிப்பவருக்கு இந்த நோய் வரும் வாய்ப்பும் அதிகம், வந்தபின் மருந்து கேட்பதும் குறைவு. வாழ்க்கைமுறைக்குச் சம்பந்தமில்லை என்றால் இது எப்படி?

மருந்துக்கடைக்காரன்:
சம்பந்தமில்லைன்னு நான் சொல்லவே இல்லை ஐயா. சீலியாக்ல குற்றவாளி யாருன்னு தெரியும், கோதுமைல இருக்கிற குளூட்டன்ங்கிற புரதம். அதை எடுத்தா நோய் அடங்கும். முடக்குவாதத்துல எடுத்துப் போட்டா நோயே அடங்கிடும்னு எல்லாருக்கும் பொதுவா ஒரு உணவுப்பொருள் இல்லை. தக்காளி, கத்தரிக்காய், பால், புளின்னு யூடியூப்ல ஆளுக்கொரு பட்டியல். பாவம், எல்லாத்தையும் விட்டு எலும்பும் தோலுமா வர்றவங்களைப் பாக்கிறேன். நீங்க சொன்ன வைட்டமின் டி கணக்கும் நோய் வராம தடுக்கிறதுக்கு, வந்த நோயை அடக்கினதுக்கு இல்லை.

அக்கா சொன்ன நார்வே ஆய்வு உண்மை. ஆனா உணவு மாத்தினவங்க 27 பேர்தான். என்ன சாப்பிடுறோம்னு அவங்களுக்கே தெரியும்கிறப்ப மனசோட பங்கைப் பிரிக்க முடியாது. விரதத்துல அழற்சி குறையும், சரி. வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பினா பலருக்கு அழற்சியும் திரும்பிடும். அமெரிக்க வாதநோய் மருத்துவர் சங்கம் 2022ல வழிகாட்டி கொடுத்துச்சு. உடற்பயிற்சியை அழுத்தமாச் சொல்லுது. மத்தியதரைக்கடல் பக்கத்துச் சாப்பாட்டை, அதாவது மீன், பயறு, காய், பழம், ஆலிவ் எண்ணெயை, ஓரளவுக்குச் சொல்லுது. மத்த டயட் எதையும், சத்து மாத்திரைகளையும் சொல்லலை. எல்லாமே மருந்தோட சேர்த்துத்தான்.

மீன் எண்ணெய்னு கேட்டு வர்றவங்களுக்கும் ஒண்ணு. முடக்குவாத வலிக்குச் சோதிச்ச அளவு தினம் சுமார் 3 கிராம் ஒமேகா-3. கடைல சாதாரணமா விக்கிற 1000 மில்லிகிராம் கேப்ஸ்யூல்ல அது 300 மில்லிகிராம்தான் இருக்கும். ஒண்ணைப் போட்டுட்டு வலி போகலைன்னு வருவாங்க.

கீழத்தெரு:
இங்கிலீஷ் மருந்துக்கு வக்காலத்து வாங்குறதுன்னா இப்படியா? முடக்கத்தான் கீரை, மஞ்சள், மிளகு, சீந்தில் கஷாயம், இதெல்லாம் நம்ம பாட்டி காலத்துல இருந்து இருக்கு. பக்கவிளைவே கிடையாது.

மருந்துக்கடைக்காரன்:
முடக்கத்தான் தோசை தாராளமாச் சாப்பிடுங்க, எங்க வீட்லயும் சுடுவோம். மஞ்சத்தூள்ல மருந்துக் குணம்னு சொல்ற குர்குமின் சுமார் 3 சதவீதம்தான். சமையல்ல போடுற அளவு நோயையும் அடக்காது, கெடுதலும் செய்யாது.

சீந்தில் விஷயத்துல மட்டும் விளையாடாதீங்க. கொரோனா சமயத்துல அதைக் குடிச்ச சிலருக்குக் கல்லீரல் பாதிச்சதை 2021ல மும்பை மருத்துவர்கள் எழுதினாங்க. ஆயுஷ் அமைச்சகம் மறுத்துச்சு. அப்புறம் நாடு முழுக்க 13 மருத்துவ மையங்கள்ல இருந்து 43 பேரோட விவரம் வெளிவந்துச்சு. அதுல தன்னெதிர்ப்புக் கல்லீரல் அழற்சி மாதிரியான பாதிப்பு தெரிஞ்சுது. எதிர்ப்புசக்தியைத் தூண்டுற மூலிகைன்னு அதை விக்கிறாங்க. அக்காவுக்கு எதிர்ப்புசக்திதான் தடம் மாறி மூட்டைத் தாக்குது, அதைப் போய் ஏன் தூண்டணும்? மெத்தோட்ரெக்ஸேட்டும் கல்லீரலைப் பார்த்துப் பார்த்துக் கொடுக்கிற மருந்து.

லேபிள் இல்லாத 'மூட்டுவலிப் பொடி' இன்னும் மோசம். ரெண்டே நாள்ல வலி பறந்துடுச்சுன்னா உள்ள ஸ்டீராய்டு கலந்திருக்கான்னு சந்தேகப்படுங்க. முகம் உப்பி, சர்க்கரை ஏறி வருவாங்க. அதைத் திடீர்னு நிறுத்தினாலும் ஆபத்து, டாக்டரைப் பார்க்காம நிறுத்தாதீங்க.

பொள்ளாச்சி வடிவு:
தம்பி, நான் பொடி கிடி எதுவும் தொடறதில்லைங்க. என்னையும் அந்தக் கூட்டத்துல சேர்த்துப் பேசாதீங்க.

நீங்க சொல்ற மத்தியதரைக்கடல் சாப்பாட்டுக்கும் என் தட்டுல இருக்கிறதுக்கும் என்ன பெருசா வித்தியாசம்? ஆலிவ் எண்ணெய்க்குப் பதில் கடலை எண்ணெய், அவ்வளவுதான். பலகாரம் ஆகாதுன்னு விசேஷ வீட்ல ஓரமா உக்கார்ந்து, சொந்தக்காரங்க பேச்சை வாங்கிக்கிட்டுக் கடைப்பிடிக்கிறேன். கை லேசானது எனக்குத்தான் தெரியும். எதனால லேசாச்சுன்னு பிரிக்க முடியாதுன்னா, மாத்திரையாலதான்னு நீங்களும் சொல்ல முடியாதில்லீங்களா?

வைகைக்கரை:
சரியான கேள்வி. அதற்காகத் தனியாக நிறுத்திப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்று மட்டும் இறங்காதீர்கள் அம்மா. நோய் நீண்ட நாள் முழுதாக அடங்கியிருந்தால் அளவைக் குறைத்துப் பார்க்கலாம் என்று 2022இல் ஐரோப்பிய வாதநோய் மருத்துவர் கூட்டமைப்பே சொல்லியிருக்கிறது. அடியோடு நிறுத்தியவர்களில் நிறையப் பேருக்கு நோய் திரும்பியிருக்கிறது. கை மூட்டுகளுக்கு அல்ட்ராசவுண்ட் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். சவ்வு அமைதியாக இருந்தால் அளவைக் குறைப்பது பற்றி மருத்துவரிடம் தைரியமாகப் பேசலாம். அதில் உங்கள் சாப்பாட்டின் பங்கு எவ்வளவு என்பதில் நானும் மருந்துக்கடைக்காரரும் ஒத்துப்போகப் போவதில்லை.

பொள்ளாச்சி வடிவு:
சரிங்க. நானா நிறுத்தலை. ஊசி, ஸ்கேன் ரெண்டையும் கேக்கிறேன். சாப்பாட்டை மாத்த மாட்டேன்.

மருந்துக்கடைக்காரன்:
மாத்தாதீங்க. போகும்போது ரத்த அணு எண்ணிக்கை, கல்லீரல், சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் மூணு டெஸ்டும் எடுத்துட்டுப் போங்க அக்கா. அளவைக் குறைக்கிறதானாலும் ஊசியா மாத்துறதானாலும் அதைத்தான் முதல்ல பார்ப்பாங்க. கடைசியா எப்ப எடுத்தீங்க?